வாழ்த்துச் செய்திகளில் கடவுள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு நிகழ்வுக்கு ஒரு வைத்தியரை அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ மார்பகப் புற்றுநோயைப் பற்றியோ பேசுவார் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். தலைவி அவர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தார். நான் வேறு விடயத்துக்குப் போனதற்கு மலர்க்குழுவே பொறுப்பு. அவர்கள் எனக்குத் தந்த வேலை, பிரமுகர்களிடம் வாழ்த்துச் செய்தி வாங்குவது.

நம் நாட்டில் எந்த மலரை எடுத்தாலும் முதல் இருபது பக்கம் செய்திகள்தான். சமயத் தலைவர்களின் ஆசியுரைகள் முதலில், அரசியல் தலைவர்கள் அடுத்து, அதிகாரிகள் அதற்கும் பிறகு. இந்த வரிசையில் ஒரு பக்கம் மாறினாலும் மனத்தாங்கல் வரும். வாசிக்கிறவர்களோ அந்தப் பக்கங்களை ஒரே பிடியாகப் புரட்டிவிட்டுத் தங்கள் வகுப்புப் படத்தைத் தேடுவார்கள். நானும் இவ்வளவு காலமும் அப்படிச் செய்தவள்தான்.

ஓர் அரசியல் பிரமுகரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். கதைத்த தம்பி மிகவும் மரியாதையானவர். "அக்கா, நீங்களே ஒரு மாதிரி எழுதி அனுப்புங்கோ. நாங்கள் கடிதத் தலைப்பில அடிச்சு, ஒப்பம் வாங்கி அனுப்புறம்" என்றார். இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கு ஆச்சரியம் இல்லை. பிறகு கேட்டார்: "உங்கட பள்ளிக்கூடம் வேதமா, சைவமா? சொன்னால் கடைசி வரியை நாங்களே போட்டுவிடுவம்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. "மிஷனரிமார் கட்டினது தம்பி. படிக்கிற பிள்ளைகளில முக்கால்வாசி சைவம். முந்தி முஸ்லிம் பிள்ளைகளும் படிச்சவை" என்றேன். அவர் சற்று யோசித்தார். "அப்ப, 'இறையருள் கிட்டுவதாக' எண்டு போடுவம் அக்கா. அது எல்லாருக்கும் பொருந்தும்."

அன்று சிரித்தேன். இரவு படுக்கும்போது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. நூறு வருடமாக ஒரு சங்கம் இயங்குகிறது. அதற்கு ஓர் அரசியல்வாதி சொல்ல வேண்டிய முக்கியமான விடயம், நாங்கள் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறோம் என்று தெரிந்த பிறகு போடப்படும் ஒரு வரி. அப்போதுதான் பழைய பத்திரிகைகளை எடுத்துப் பண்டிகைக்காலச் செய்திகளை வாசிக்கத் தொடங்கினேன். அவை எங்களைச் சுற்றி எப்போதும் இருப்பவை. தைப்பொங்கல், சிவராத்திரி, சித்திரைப் புத்தாண்டு, வெசாக், நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், தீபாவளி, நத்தார். ஒவ்வொன்றுக்கும் ஜனாதிபதியின் செய்தி, பிரதமரின் செய்தி, எதிர்க்கட்சித் தலைவரின் செய்தி. மூன்று மொழியிலும் வரும்.

பத்து வருடத்துச் செய்திகளைச் சேர்த்து வாசித்தால் ஒரு விடயம் தெரியும். வருடத்தை மறைத்துவிட்டால் எது எந்த வருடத்தது என்று சொல்ல இயலாது. தீபாவளி என்றால் இருளும் ஒளியும். பொங்கல் என்றால் சூரியனும் உழவரும் நன்றியும். நோன்புப் பெருநாள் என்றால் பசியும் பகிர்தலும். ஹஜ் என்றால் தியாகம். நத்தார் என்றால் தொழுவமும் சமாதானமும். ஆள் மாறினாலும் கட்சி மாறினாலும் சொற்கள் மாறுவது குறைவு. யுத்தம் நடந்த தீபாவளிக்கும் யுத்தம் முடிந்த தீபாவளிக்கும் இருளும் ஒளியும் ஒரே அளவில்தான் இருக்கின்றன.

இன்னொன்று, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது. வெசாக் செய்தியில் பெரும்பாலும் 'நாம்' இருக்கும். போதனை உள்ளே இருந்து வரும். எழுதியவருக்கு அது பழக்கமான நிலம். தீபாவளிச் செய்தியில் 'இலங்கைவாழ் இந்து மக்கள்' இருப்பார்கள். எங்களுடைய பண்டிகையின் பொருள் என்னவென்று எங்களுக்கே ஒரு பந்தியில் விளக்கப்படும். இதில் தனி ஒருவரைக் குறை சொல்வதில் பயனில்லை. இன்றுவரை இந்த நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர்கள் எல்லோரும் பௌத்தர்கள். 1972ஆம் ஆண்டின் யாப்பும், 1978ஆம் ஆண்டின் யாப்பின் 9ஆவது உறுப்புரையும் பௌத்தத்துக்கு முதன்மையான இடத்தைக் கொடுத்து, ஏனைய சமயத்தவர்களின் உரிமைகளையும் உறுதிசெய்வதாகச் சொல்கின்றன. அந்த உறுப்புரையின் ஓசையைத்தான் நான் இந்தச் செய்திகளிலும் கேட்கிறேன்: முதலில் வீட்டுக்காரர், பிறகு விருந்தாளிகளுக்கு உபசாரம்.

விடுமுறை நாட்களே எங்கள் நாட்டில் அரசியல்தான். ஆங்கிலேயர் ஆட்சியில் வெசாக் பொது விடுமுறையானது 1885இல். அதற்காகப் பௌத்தர்கள் போராட வேண்டியிருந்தது. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமை விடுமுறையே இருக்கவில்லை. சந்திரனின் நிலையைப் பார்த்துப் போயா நாட்களில் விடுமுறை. அப்போது படித்த அக்காமார் இந்தச் சபையில் இருக்கிறார்கள். தேவாலயத்துக்குப் போக வேண்டிய காலையில் கணித வினாத்தாளுடன் இருந்த கதையை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அரசாங்கத்தின் விடுமுறைப் பட்டியலில் ஒரு நல்ல சொல் இருக்கிறது. அங்கே 'இந்துத் தைப்பொங்கல்' என்று இல்லை. 'தமிழ்த் தைப்பொங்கல் தினம்' என்று இருக்கிறது. புத்தாண்டும் 'சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு'. பொங்கல் நாளில் நம் ஊர்த் தேவாலய முற்றங்களில் பானை வைத்துப் பொங்கி, பூசை ஒப்புக்கொடுப்பது உங்களுக்குத் தெரியும். பட்டியலை எழுதிய அலுவலருக்கு அது தெரிந்திருக்கிறது. செய்தி எழுதுகிறவர்களுக்கு அடிக்கடி மறந்துவிடுகிறது. பொங்கலை இந்துக்களின் பண்டிகையாக்கி, என் கிறிஸ்தவ வகுப்புத் தோழிகளைப் பானைக்குப் பக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிறார்கள்.

இப்போது நமது கல்லூரிக்கு வருகிறேன். நாங்கள் படித்த காலத்து அதிபர் கிறிஸ்தவர். காலைப் பிரார்த்தனையில் சங்கீதம் வாசிக்கப்படும். நாங்கள், சைவப் பிள்ளைகள், கண்ணை மூடிக்கொண்டு அதே நேரத்தில் பிள்ளையாரை நினைப்போம். யாருக்கும் அதில் சங்கடம் இருந்ததாக நினைவில்லை. வாணி விழாவுக்கு அதிபர் என்ன செய்தார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் ஒருநாளும் சரஸ்வதியின் தத்துவத்தைப் பற்றி எங்களுக்கு உரையாற்றியதில்லை. முதல் நாள் ஒன்றுகூடலில் மண்டபம் எத்தனை மணிக்குத் திறக்கும், யார் யார் கூட்டுவது, பாய்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்வார். கந்தசஷ்டி விரதம் பிடிக்கும் விடுதிப் பிள்ளைகளின் பெயர்களை மேட்ரனிடம் எழுதிக் கொடுக்கச் சொல்வார். அந்த ஆறு நாட்களும் அவர்களுக்குப் பாலும் பழமும் நேரத்துக்கு வரும். ஒரு வருடம் பழம் கிடைக்காமல் போனபோது அவரே சைக்கிளில் சந்தைக்குப் போனார் என்று விடுதி அக்காமார் சொல்வார்கள். பொருளாதாரத் தடைக் காலம். பழத்துக்கும் அலைய வேண்டியிருந்தது. எங்கள் சமயத்தைப் பற்றி அவர் எங்களுக்கு எதையும் விளக்கவில்லை. அதைக் கடைப்பிடிக்கத் தேவையானதைச் செய்து தந்தார்.

அதே கல்லூரியில்தான் இன்னொன்றும் நடந்தது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். என் வகுப்பில் இரண்டு வாங்குகளில் இடம் வெறுமையானது. மறு வாரம் பெயர் கூப்பிடும்போது ரீச்சர் அந்தப் பெயர்களில் ஒருமுறை நின்று, பிறகு தாண்டிப் போனார். காலைப் பிரார்த்தனையில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. கோவிலிலும் வரவில்லை. பயம் இருந்தது, அது உண்மை. இருந்தாலும் அரசாங்கத்தின் செய்திகளில் எது இல்லை என்று இன்று நான் எண்ணிக்கொண்டிருக்கும்போது, எங்கள் பிரார்த்தனையில் எது இல்லாமல் இருந்தது என்பதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

சரியாக ஐந்து வருடம் கழித்து அதே திகதி எங்களுக்கும் வந்தது. 1995 ஒக்டோபர் தீபாவளி யுத்தத்தின் நடுவில் வந்தது. மின்சாரம் இல்லை. சித்தப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். தலைவர்களின் தீபாவளி வாழ்த்து வாசிக்கத் தொடங்கியதும் அம்மம்மா சித்தப்பாவைப் பார்த்து, "காலை நோகடிக்காதை ராசா, இது எல்லா வருசமும் வாறதுதானே" என்றார். சித்தப்பா சுற்றுவதை நிறுத்தினார். ஒரு வாரத்தில், ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழைக்குள் வலிகாமமே செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த நடையில் இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் இருந்தீர்கள்.

வைத்தியராக நான் கற்ற ஒன்றை இனிச் சொல்ல வேண்டும். இந்த உரைக்கு எனக்கு இருக்கும் தகுதி அது ஒன்றுதான்.

உள்ளகப் பயிற்சிக் காலத்தில், அதிகாலை வேளையில், ஒரு நோயாளியின் மனைவி என்னிடம், "பிழைப்பாரா பிள்ளை?" என்று கேட்டார். நான் மேலே கையைக் காட்டி, "கடவுள் இருக்கிறார் அம்மா" என்றேன். ஆறுதல் சொன்னதாகத்தான் நினைத்தேன். அந்த அம்மா அந்த இடத்திலேயே தரையில் இருந்துவிட்டார். பின்னால் நின்ற என் மேலதிகாரி என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார். "நீர் கடவுளின் பெயரைச் சொன்னவுடன் அவ என்ன விளங்கிக்கொண்டா தெரியுமோ? வைத்தியர் கைவிட்டிட்டார் எண்டு. நோயாளி கடவுளைப் பற்றிக் கதைத்தால் நீர் பக்கத்தில் நின்று கேளும். நீராகத் தொடங்காதேயும். உம்மிடம் கேட்டது உமது கையில் இருக்கிற விடயத்தை" என்றார். உண்மையில் அந்த மனிதருக்கு அப்போது செய்ய வேண்டிய சிகிச்சை இன்னும் இரண்டு மிச்சம் இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். அவர் பிழைத்தார்.

அன்றிலிருந்து கடவுளின் பெயர் யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பதைக் கவனிக்கிறேன். கையில் ஒன்றும் இல்லாதவர் சொன்னால் அது பிரார்த்தனை. செய்யக்கூடியவர் சொன்னால், கேட்பவர் அதைக் கைகழுவலாக எடுத்துக்கொள்வார்.

இங்கே தந்தை செல்வா உங்கள் நினைவுக்கு வருவார். 'தமிழ் மக்களைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்' என்று அவர் சொன்னதாக நம் வீடுகளில் மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சிறு வயதில் அதை ஒரு பக்தி வசனமாகக் கேட்டேன். செல்வநாயகம் கிறிஸ்தவர்; பெரும்பாலும் சைவர்களான ஒரு மக்களுக்குத் தலைவர். எந்தக் கடவுள் என்று அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1957இல் பண்டாரநாயக்காவுடனும் 1965இல் டட்லி சேனநாயக்காவுடனும் ஒப்பந்தம் செய்து, இரண்டும் நிறைவேறாமல் போனதைக் கண்டவர் அவர். வைத்தியரான பிறகு அந்த வசனம் எனக்கு நோய்நிர்ணயம் போலக் கேட்கிறது: என் கையில் இருந்த மருந்துகள் முடிந்துவிட்டன என்று நேர்மையாகச் சொல்வது. வர்த்தமானியில் ஒப்பமிடும் அதிகாரம் உள்ள ஒருவர் அதே வசனத்தைச் சொன்னால் அதன் பொருள் முற்றிலும் வேறு.

வர்த்தமானி என்றதும் 2020க்கு வரவேண்டும். இந்தப் பகுதியைப் பேசுவதா விடுவதா என்று நான் பல நாள் யோசித்தேன்.

கொவிட் தொற்றால் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயம் தகனம் செய்ய வேண்டும் என்ற வர்த்தமானி அறிவித்தல் 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வந்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதையும் தகனம் செய்வதையும் இரண்டையுமே அனுமதித்திருந்தது. நிலத்தடி நீர் மாசடையும் என்று இங்கே காரணம் சொல்லப்பட்டது. அந்த விதி 2021 பெப்ரவரி 25 வரை, பத்து மாதத்துக்கு மேல், நடைமுறையில் இருந்தது. 270க்கும் மேற்பட்ட முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டன. அவற்றில் பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையும் உண்டு. அந்தப் பத்து மாதத்துக்குள் நோன்புப் பெருநாள் வந்தது, ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது, மீலாத் தினம் வந்தது. வழமைபோலச் செய்திகளும் வந்தன. நான் வாசித்தவற்றில் தியாகம் இருந்தது, சகோதரத்துவம் இருந்தது, நபிகள் நாயகத்தின் போதனை இருந்தது. ஜனாஸா என்ற சொல்லை நான் காணவில்லை. அந்த வருடம் அந்த மக்கள் கேட்டுக்கொண்டிருந்த ஒரேயொரு கேள்வி அதுதான்.

அந்த நவம்பரில் நான் வேலை செய்த விடுதியில் ஒரு முதியவர் காலமானார். மகன் தனிமைப்படுத்தலில் இருந்தார். தொலைபேசியில் நான்தான் சொல்ல வேண்டும். அவர் அழவில்லை. கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "டொக்டர், வாப்பாவ அடக்க விடுவாங்களா?" என்று கேட்டார்.

விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அல்லாஹ் எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்றேன். பதின்மூன்று வருடத்துக்கு முன் விறாந்தையில் கற்றது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவருடைய சமயத்துச் சொல்லை எடுத்து அவருக்கே கொடுத்துவிட்டுத் தொலைபேசியை வைக்கப் பார்த்தேன்.

"அல்லாஹ் பார்ப்பான் டொக்டர். அது எனக்குத் தெரியும். நான் கேட்டது வர்த்தமானியப் பத்தி" என்றார்.

குரலில் கோபம் இல்லை. நான் விதியை வாசித்துச் சொன்னேன். தகனத்துக்கு முன் யாராவது வந்து பார்க்க வழி இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். அது என் கையில் இருந்தது. அவருடைய மச்சான் ஒருவர் தூரத்தில் நின்று பார்த்துத் தொழுவதற்கு ஒழுங்கு செய்ய முடிந்தது. அவ்வளவுதான் செய்தேன். அதற்கு மேல் ஏதும் செய்ததாக நான் இந்த மேடையில் சொல்ல முடியாது. அந்த டிசம்பரில் பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அதில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். நான் பேருந்தில் அந்த வழியால் போனேன்; இறங்கவில்லை. அரச உத்தியோகம் என்ற பயம். வருட முடிவில் சமுதாய மருத்துவ வல்லுநர்கள் கல்லூரியும், பின் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கம் செய்வதில் தவறில்லை என்று பகிரங்கமாகச் சொன்ன பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வாய் திறந்தது.

மார்ச் மாதத்தில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. பின்னாளில் பிற சமயத்தவர்களும் அங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். 2024 ஜூலையில் அரசாங்கம் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கேட்பதென அமைச்சரவை தீர்மானித்தது. நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது அது வந்த இடத்தை. அந்த மக்கள் கேட்கக் காத்திருந்த சொல் எந்தப் பெருநாள் செய்தியிலும் வரவில்லை. அமைச்சரவைத் தீர்மானங்களின் பட்டியலில், வேறு பல விடயங்களுக்கு நடுவில் வந்தது. அதில் நபிமொழி இல்லை, பிறை இல்லை. வெறும் அலுவலக வசனம். முஸ்லிம் தோழி ஒருத்தி அந்தப் பத்தியைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள். பெருநாள் செய்தி எதையும் அவள் எனக்கு அனுப்பியதில்லை. காலம் கடந்து வந்ததுதான், எரித்தவர்களைத் திருப்பித் தராததுதான் என்று அவளும் எழுதியிருந்தாள்.

அப்படியானால் அரசியல் தலைவர்கள் பண்டிகை நாளில் சமயத்தைப் பற்றிப் பேசவே கூடாதா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. 1972 வரை எங்கள் நாட்டின் தலைவியாகவும் இருந்த எலிசபெத் மகாராணியார் தமது முதலாவது நத்தார் வானொலி உரையில், 1952இல், வரப்போகும் முடிசூட்டு நாளில் எந்தச் சமயத்தவரானாலும் தமக்காகப் பிரார்த்திக்கும்படி கேட்டுக்கொண்டார். முடியாட்சியில் எனக்குப் பற்று இல்லை. ஆனால் அந்த வேண்டுகோளில் ஒரு பணிவு இருக்கிறது. தமது பண்டிகையில், தமது விசுவாசத்தைத் தமது பெயரில் சொல்லி, மற்றவர்களிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுகிறார். மற்றவர்களின் சமயத்தை அவர்களுக்கு விளக்கவில்லை.

எங்கள் நாட்டிலும் பண்டிகையோடு செயல் சேர்ந்து வருவது உண்டு. வெசாக்குக்குக் கைதிகள் விடுதலையாவார்கள். தன்சல் போட்டு யார் எவர் என்று கேளாமல் சோறு கொடுப்பார்கள். தன்சலில் சாப்பிட்டவர் யாரும் கருணை என்றால் என்ன என்று விளக்கம் கேட்டிருக்கமாட்டார். 2021 பொசன் போயாவில் விடுவிக்கப்பட்டவர்களில் 16 தமிழ்க் கைதிகள் இருந்தார்கள். அதே நாளில் கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றிருந்த ஓர் அரசியல்வாதிக்கும் மன்னிப்புக் கிடைத்தது என்பதையும் மறக்கவில்லை. புனித நாளின் நிழலில் எதையும் கொண்டுபோய் வைக்கலாம். 2022 தீபாவளியையொட்டி எட்டுத் தமிழ்க் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு வந்தது. அவர்களில் சிலர் சந்திரிகா அம்மையாரைக் கொல்ல முயன்ற வழக்கில் தண்டனை பெற்றவர்கள். அந்த மன்னிப்புக்கு அவருடைய சம்மதமும் பெறப்பட்டது. தன் ஒரு கண்ணின் பார்வையைப் பறித்த வழக்கில் ஒருவர் அப்படிச் சம்மதிக்கிறார். இருளையும் ஒளியையும் பற்றி அந்த வருடம் வந்த செய்திகளில் ஒரு வரியும் எனக்கு நினைவில்லை. அந்தச் சம்மதம் நினைவிருக்கிறது.

கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி இருக்கத் தொடங்கிய தாய்மார் எத்தனையோ பொங்கலையும் தீபாவளியையும் வீதியோரத்தில் கழித்தவர்கள். அவர்களில் பலர் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தெரியாமலே காலமாகிவிட்டார்கள். கோவில் மணி அவர்களுக்குக் கேட்கும் தூரத்தில்தான் இருக்கிறது. அவர்களுக்குக் கடவுளைப் பற்றி யாரும் செய்தி அனுப்பத் தேவையில்லை. கேட்டது ஒரு பெயர்ப் பட்டியலுக்கு ஒரு பதில்.

ஆகவே எந்தத் தலைவரின் பண்டிகைச் செய்தியை வாசித்தாலும் இப்போது நான் ஒரு சின்னச் சோதனை செய்கிறேன். சமயச் சொற்களை எல்லாம் பென்சிலால் வெட்டிவிடுவேன். மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். இந்த வருடம், இந்த மக்களுக்கு, இந்தப் பதவியில் இருப்பவர் செய்யக்கூடிய ஏதாவது ஒன்று மிஞ்சினால் வெட்டிய சொற்களையும் திரும்பச் சேர்த்து மகிழ்ச்சியோடு வாசிப்பேன். பெரும்பாலும் திகதியும் ஒப்பமும்தான் மிஞ்சும். எங்கள் கட்சிகளின் தலைவர்கள் விடும் செய்திகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தமிழில் நன்றாக எழுதப்பட்டிருப்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இனி, அந்தத் தம்பி கேட்ட மாதிரிச் செய்தி. மலர்க்குழுவில் மூன்று பேர் இருந்து எழுதினோம். சங்கத்தின் நூறு வருடத்தைப் பற்றி இரண்டு வரி. கட்டிய ஆய்வுகூடத்தையும், இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கூரையில்லாத வகுப்பறைகளுக்குப் பழைய மாணவிகள் தகரம் போட்டுத் தந்ததையும் பற்றி ஒரு வரி. பிறகு ஒரு வரி: மாலை வகுப்பு முடிந்து செல்லும் உயர்தர மாணவிகளுக்காக, ஐந்து மணிக்குப் பிறகு கல்லூரி வீதியால் ஒரு பேருந்து ஓடுவதற்குத் தாம் ஆவன செய்வதாக அவர் இந்த நன்னாளில் உறுதி கூறுகிறார் என்று. கடைசி வரிக்கு இடம் விட்டு, 'இறையருள்' அவர்கள் விருப்பம்போலப் போட்டுக்கொள்ளலாம் என்று குறிப்பும் எழுதி அனுப்பினோம்.

மூன்று வாரமாகிறது. இரண்டு முறை தொலைபேசி எடுத்தேன். முதல் முறை செய்தி அழகாக இருக்கிறது என்றார்கள். இரண்டாம் முறை, பேருந்து வரியைப் பற்றி ஐயாவிடம் கேட்க வேண்டும் என்றார்கள். அச்சகத்தார் அந்தப் பக்கத்தை வரும் வெள்ளிக்கிழமை வரைக்கும் வெறுமையாக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.